அம்மாவின் கைக்கு ஒரு கத்தி

சித்திரை மாதத்தில் ஒரு மத்தியானம், தட்டில் மாம்பழத் துண்டுகளை நறுக்கிக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நானா ஒரு பழத்த வெட்டித் தின்னு ரெண்டு வருசமாச்சு" என்றாள். குறை சொல்லும் குரலில்லை. மழை பெய்து ரெண்டு வருசமாச்சு என்பதுபோலச் சொன்னாள்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் எங்கள் வீட்டில் அம்மா மாம்பழம் வெட்டிய காலத்திலும் அவள் தின்றது கொட்டையைத்தான். இரண்டு கன்னமும் அப்பாவுக்கும் எங்களுக்கும் போய்விடும். "கொட்டையிலதான் ருசி" என்று சொல்லிக்கொண்டே அடுப்படி வாசலில் உட்கார்ந்து சப்பிக்கொண்டிருப்பாள். நான் அதை முப்பது வயது வரை நம்பினேன்.

அம்மாவுக்கு முடக்குவாதம். மருத்துவர் சீட்டில் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று எழுதினார். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே திரும்பி, மூட்டுகளுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வைத் தாக்கும் நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. காலையில் எழுந்தால் வெகுநேரம் விரல்கள் மடங்காது. சீக்கிரம் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் மூட்டு சிதைவதைப் பெருமளவு தடுக்கலாம். அம்மாவுக்குக் கண்டுபிடிக்க நான்கு வருடம் ஆயிற்று. முதலில் பார்த்த மருத்துவர், "துணி துவைக்கிற, மாவாட்டுற பொம்பளைங்களுக்குக் கைவலி வராம இருக்குமா?" என்று கேட்டுத் தைலம் எழுதிக் கொடுத்தார். நாங்களும் அதை ஒப்புக்கொண்டோம். வேலை செய்யும் பெண்ணுக்குக் கை வலிக்கும், அது இயல்பு. வாரம் ஒருநாள் போடும் மாத்திரை வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவளுடைய வலது கை விரல்கள் நான்கும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன.

கத்தியைப் பிடிக்கக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மணிக்கட்டு ஒரு பக்கமாக வளைய வேண்டும். அம்மாவுக்கு இரண்டும் முடியாது. அரிவாள்மனையில் உட்கார முழங்கால் மடங்க வேண்டும். அதுவும் முடியாது.

"இனிமே அவ எதுக்கு வெட்டணும்? அதான் ஆள் போட்டாச்சுல்ல" என்றார் அப்பா. அன்பாகத்தான் சொன்னார். தம்பி, கயிற்றை இழுத்தால் வெங்காயம் பொடியாகும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை வாங்கி அனுப்பினான். அந்தக் கயிற்றை இழுக்கவும் விரல்கள் வேண்டும் என்பது அவனுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அது பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று அவனுக்குச் சொன்னதே நான்தான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கல்லூரி நாளிலிருந்து அம்மாவை அடுப்படியை விட்டு வெளியே கொண்டுவர வாதாடிக்கொண்டிருந்தவள் நான். நோய் வந்தபோது என் மனதின் ஒரு மூலையில், இனியாவது அந்த அடுப்படி அவளை விட்டுவிடும் என்ற நிம்மதி இருந்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் விடுதலை என்று நினைத்ததை அவள் கையிழப்பாக அனுபவித்துக்கொண்டிருந்தாள். எதை எப்போது வெட்டுவது என்று முடிவுசெய்வது அவளாக இருந்தது. இப்போது தட்டில் வருவதைத் தின்பவள் ஆகியிருந்தாள். மாம்பழத்தைப் பற்றி அவள் சொன்ன அன்று, ஒரு கத்தி தேடுவது என்று முடிவுசெய்தேன்.

மதுரை வெண்கலக்கடைத் தெருவில் தொடங்கி நான்கைந்து பாத்திரக் கடைகள் ஏறி இறங்கினேன். "கை சரியில்லாதவங்க பிடிக்கிற மாதிரி கத்தி இருக்கா?" என்று கேட்டேன். ஒரு கடையில் ரோஸ் நிறப் பிடி போட்ட சின்னக் கத்தியை எடுத்து வைத்து, "லேடீஸ் கத்திக்கா, வெயிட்டே இருக்காது" என்றார்கள். பிடி விரல் கனம்தான் இருந்தது. மூட்டு வீங்கிய கைக்குப் பிடி மெலிய மெலியத்தான் சிரமம். இன்னொரு கடையில் கறிக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் கத்தியைக் காட்டினார்கள். பெண் என்றால் சிறியது, ரோஸ் நிறம். வேலை என்றால் ஆண் கை அளவு. நடுவில் எதுவுமில்லை. நாள் முழுக்கக் கத்தி பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். அந்தக் கை எப்படியிருக்கும் என்று கேட்டு யாரும் பிடி போட்டதாகத் தெரியவில்லை. ஜாக்கெட் தைக்கக்கூட அளவெடுக்கிறோம்.

அரசு மருத்துவமனையில் அம்மாவுக்குக் கைப்பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்தான் வழி காட்டினாள். ஒரு தாளில் அரைவட்டம் வரைந்து, அதன் முதுகின் மேல் ஒரு பிடி வரைந்தாள். "பிடி கத்திக்குப் பின்னால இருந்தா மணிக்கட்டு வளையும். தலைக்கு மேல இருந்தா முஷ்டியா பிடிச்சு அப்படியே கீழ அமுக்கலாம். விரலுக்கு வேலை இல்ல. தோளும் முன்கையும் பாத்துக்கும்."

அன்று இரவு தேடிப் படித்தேன். அந்த வடிவம் புதிதல்ல. அலாஸ்காவிலும் கனடாவின் வடக்கிலும் கிரீன்லாந்திலும் வாழும் இனுயிட் பெண்கள் பல நூற்றாண்டுகளாகப் பிடித்து வருவது அது. உலு என்று பெயர். பெண்ணின் கத்தி என்று பொருள் சொல்கிறார்கள். சீல் தோலை உரிப்பது, கொழுப்பை வழிப்பது, இறைச்சி நறுக்குவது, உடைக்குத் தோல் வெட்டுவது எல்லாம் அதில்தான். தாயிடமிருந்து மகளுக்குப் போகும்.

படித்தபோது நம் அரிவாள்மனை நினைவுக்கு வந்தது. அதுவும் பெண்ணின் கத்திதான். கத்தி நிற்கும், காய் நகரும். ஒரு கால் பலகையை மிதித்துக்கொள்ள, இரண்டு கையும் காயைப் பிடித்துக்கொள்ளலாம். பலாப்பழமோ பூசணியோ, உடம்பின் எடை முழுவதையும் போட்டு அழுத்தலாம். நுனியில் தேங்காயும் துருவிக்கொள்ளலாம். இவ்வளவு கெட்டிக்காரத்தனமான கருவியை யோசித்தவர்கள் பெண்கள் ஆயுசுக்கும் தரையில் உட்கார்ந்திருப்பார்கள் என்றும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள். முழங்கால் தேய்ந்தபின் என்ன என்பதற்கு அதில் பதில் இல்லை.

மதுரையிலிருந்து மானாமதுரை போகும் சாலையில், ஏறக்குறைய முப்பது கிலோமீட்டரில் திருப்பாச்சேத்தி. அரிவாளுக்குப் பேர்போன ஊர். அதன் பெயரை வைத்து 2005இல் விஜய் படமே வந்தது. வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தேன். முதல் பட்டறையில் என் தாளை வாங்கிப் பார்த்த அண்ணன், என் தோளுக்குப் பின்னால் யாரையோ தேடினார்.

"வீட்ல ஆம்பளைங்க யாரும் வரலையாம்மா?"

"நான்தாண்ணே வந்திருக்கேன். எங்கம்மாவுக்குத்தான் கத்தி."

அவர் ஒரு நோட்டை எடுத்துப் பிரித்தார். 2021 செப்டம்பரில் கொலைகள் தொடர்பாகத் தமிழ்நாடு முழுக்கத் தேடுதல் நடந்தபோது, பட்டறையில் அரிவாளோ கத்தியோ வாங்குகிறவரின் பெயர், முகவரி, எதற்காக வாங்குகிறார் என்பதையெல்லாம் எழுதிவைக்கச் சொன்னது காவல்துறை. அந்த நோட்டு. கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தது. பெயருக்கு அடுத்த கட்டத்தில் த/பெ என்றிருந்தது. அவர் அதை அடித்துவிட்டு க/பெ என்று எழுதிக்கொண்டே அம்மாவின் கணவர் பெயரைக் கேட்டார். கடைசிக் கட்டம், எதற்காக. மேலே வரிசையாக விவசாயம், விவசாயம், தென்னை, கோயில், விவசாயம்.

"மாம்பழம் வெட்ட" என்றேன். பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு "வீட்டு உபயோகம்" என்று எழுதினார்.

ஆயுதச் சட்ட விதிகளில் ஒரு அளவு உண்டு. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ இருக்கிற கத்தி ஆயுதம். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. நான் கேட்ட அரைவட்டம் இரண்டு அங்குலத்தைவிட அகலம். அந்த இரண்டு சொற்கள்தான் அதை ஆயுதமாகாமல் காப்பாற்றுகின்றன. அதே இரும்பு ஒருவர் கையில் வீரம், மீசை, சினிமா. அம்மாவின் கையில் வீட்டு உபயோகம்.

எழுதி முடித்துவிட்டு அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "ஒரு கத்திக்காக உலை மூட்டுனா கட்டாதும்மா. நம்மகிட்ட இருக்குற மாடல்ல எதாச்சும் பாருங்க." அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. கரியும் ஆள்கூலியும் விற்கும் விலை அப்படி. ஆனால் அவருக்குப் பின்னால் சுவரில் ஆளுயரத்தைத் தாண்டி ஒரு அரிவாள் சாய்த்து வைத்திருந்தது. கருப்பசாமிக்கு யாரோ நேர்ந்துகொண்டு அளவு சொல்லிச் செய்யச் சொன்னது. ஒரு பக்தரின் வேண்டுதலுக்கு அளவெடுத்து ஒற்றை அரிவாள் செய்ய முடிகிறது. ஆகவே முடியாது என்பதல்ல விஷயம். யாருக்கு என்பதுதான்.

அடுத்து இரண்டு இடங்களில் கேட்டேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் ஆடிக்குப் பிறகு வரச் சொன்னார். நான்காவதாக, வேறொரு ஊரில், சாலையை விட்டுத் தள்ளி ஒரு தகரக் கொட்டகை இருந்தது. பெயர்ப் பலகையில் ஒரு ஆசாரியின் பெயர் போட்டு அன் சன்ஸ் என்று எழுதியிருந்தது. உள்ளே ஆசாரி குறடால் இரும்பைப் பிடித்திருக்க, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி. மகன்கள் இருவரில் ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில், இன்னொருவர் சென்னையில் வண்டி ஓட்டுகிறார். இருவரும் சம்மட்டியைத் தொட்டதில்லையாம்.

ஆசாரிக்குத் தாளில் இருந்த படம் பிடிபடவில்லை. அந்த அக்காதான் எட்டிப் பார்த்தார். "கொத்து பரோட்டா போடுற தகடு கணக்கா இருக்கு. மேல பிடிச்சு அடிப்பாகல்ல, அது மாதிரி. ஆனா அடி வளைவா இருக்கணும். அப்படித்தான?"

ஒரு மாதமாக நான் விளக்கியதை ஒரே மூச்சில் முடித்துவிட்டார். அடுத்து அவர் கேட்டதை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. "அம்மா கை எப்படி இருக்கும்?"

செய்து காட்டத் தெரியாமல் என் விரல்களைக் கோணலாக வளைத்தேன். "அதுக்கில்ல தங்கச்சி. சப்பாத்தி மாவுல உப்பப் போட்டுக் கெட்டியாப் பிசைஞ்சு அம்மா கையில குடுங்க. எப்படிப் பிடிக்க வருதோ அப்படிப் பிடிக்கட்டும். வெயில்ல காயவச்சு எடுத்துட்டு வாங்க. முடிஞ்சா அம்மாவையும் கூட்டிட்டு வாங்க."

வீட்டில் மாவைக் கையில் கொடுத்தபோது அம்மா சிரித்தாள். "சின்னப்பிள்ளைக்குக் குடுக்குற மாதிரி குடுக்குற." பிடித்தாள். மூன்று விரல் பதிந்தது. கட்டைவிரல் நான் நினைத்த இடத்தில் பதியாமல் பின்னால் எங்கோ பதிந்தது. சுண்டுவிரல் பதியவே இல்லை. இரண்டு நாள் மொட்டைமாடியில் காய்ந்த அந்தக் கட்டியைக் கையில் எடுத்து என் விரல்களை அதன் பள்ளங்களில் வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. மருந்துச் சீட்டு, எக்ஸ்ரே எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்த எனக்கு அன்றைக்குத்தான் அம்மாவின் கை எப்படியிருக்கிறது என்று தெரிந்தது.

அடுத்த வாரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அந்த அக்கா தன் இரண்டு விரல்களை நீட்டி, "யக்கா, பிடிச்சு நசுக்குங்க. இன்னும். இம்புட்டுத்தானா?" என்று கேட்டார். அம்மா முழு பலத்தோடு நசுக்கினாள். "சரி, பிடி கனமா வேணும், இரும்பு கனமா இருக்கக்கூடாது" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னார்.

லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக இருக்குமே, அந்த வில் பட்டையிலிருந்து ஒரு துண்டு. அது கரிச்சத்து கூடிய எஃகு, கூர் நிற்கும், ஆனால் துருப்பிடிக்கும். உலையில் போட்டுச் சிவந்ததும் எடுத்து, அவர் சின்னச் சுத்தியலால் இடம் காட்ட, அக்கா அதே இடத்தில் சம்மட்டியை இறக்கினார். கொட்டகைக்குள் ஏன் விளக்கு இல்லை என்று கேட்டேன். "வெளிச்சம் இருந்தா நெறம் தெரியாது. நெறம்தான் எல்லாமே." வடிவம் வந்தபின் கடைசியாக ஒருமுறை காய்ச்சினார்கள். ஆசாரி குறடைப் பிடித்துக்கொண்டு, "போதுமா?" என்று கேட்டார். அக்கா உற்றுப் பார்த்து, "இரு... இரு... இப்ப" என்றார். தண்ணீரில் தோய்த்தபோது கொட்டகையே சீறியது. அப்படியே விட்டால் கண்ணாடிபோல உடைந்துவிடுமாம். ஓரத்தைத் தேய்த்து வெள்ளையாக்கி, மறுபடி அனலில் காட்டி, வைக்கோல் நிறம் ஓடி வரும்போது நிறுத்தினார்கள். அப்போதும் சொன்னது அவர்தான். பலகையில் அவர் பெயர் இல்லை. ஊரில் யாரும் அவரை ஆசாரி என்று கூப்பிடுவதில்லை. ஆசாரி வீட்டம்மா.

"எனக்குப் பதினாறு வயசுல கல்யாணம். மறுவாரமே சம்மட்டியக் கையில குடுத்துட்டாக" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வலது தோளைத் தூக்க முடியவில்லையாம். இரவில் ஒருக்களித்துப் படுக்க முடியாதாம். "உங்களுக்குன்னு எதாச்சும் செஞ்சு வச்சிருக்கீங்களாக்கா?" என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சிரித்தார். "இந்தச் சம்மட்டிக் காம்பே அவுக அளவுக்குப் போட்டதுதான்."

முதல் கத்தி தோற்றது. பார்க்க அழகாக இருந்தது, ஆனால் அம்மாவால் இரண்டாம் முறை தூக்க முடியவில்லை. திரும்பக் கொண்டுபோனபோது அக்கா கோபப்படவில்லை. முதுகுப் பக்கத்தைத் தேய்த்து மெலிதாக்கினார்கள். உள்ளங்கை அகலத்துக்கு மேலிருந்த ஓரங்களைக் குறைத்தார்கள். மாவுக் கட்டியைப் பார்த்துப் பார்த்து வாகை மரத்தில் பிடியை இழைத்தார்கள். மூன்று பள்ளம், கட்டைவிரலுக்குப் பின்னால் ஒரு மேடு. இரண்டு முறைக்கும் சேர்த்து ஆயிரத்து இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். அரைநாள் உலையையும் இரண்டு பேர் உழைப்பையும் கணக்குப் போட்டால் அது குறைவுதான். அவர்களிடமும் நோட்டு இருந்தது. பெயர் என்ற கட்டத்தில் அம்மாவின் பெயரைத்தான் எழுத வேண்டும் என்றேன். அக்காவுக்கு எழுத வராது. அம்மாவே பேனாவை முஷ்டியில் பிடித்துக் கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள். அடுத்த கட்டத்தை யாரும் கேட்கவில்லை. காலியாகவே இருந்தது.

அதற்குள் ஆனி பிறந்துவிட்டது. நல்ல பழங்கள் முடிந்து நீலம்தான் கிடைத்தது. சாப்பாட்டு மேசையில் மனைப்பலகையைப் போட்டு, அடியில் ஈரத்துணி விரித்து நகராமல் வைத்துக் கொடுத்தேன். அம்மா பழத்தை இடது கையின் அடிப்பகுதியால் அணைத்துப் பிடித்தாள். கத்தியை ஊன்றி, தோளைக் கொடுத்து, முன்னும் பின்னும் உருட்டினாள். ஒரு கன்னம் விழுந்தது. நேராக விழவில்லை, சாய்வாகத்தான். திருப்பி மறுகன்னத்தையும் எடுத்தாள். அதைத் துண்டு போடாமல் அப்படியே கையில் ஏந்திக் கடித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. துடைத்துவிடப் போன என்னைக் கையால் தடுத்தாள்.

அப்பா வந்து நின்று பார்த்தார். தட்டில் கொட்டை கிடந்தது. "கொட்டைய ஏன் போட்டுட்ட?"

"நீங்க எடுத்துக்கங்க. கொட்டையிலதான் ருசி."

மறுநாள் காலை சமையல்காரம்மா வரவில்லை. அப்பா சாதாரணமாக, "அதான் கத்தி வந்துருச்சே, ரெண்டு வெங்காயம் வெட்டித் தாயேன்" என்றார். நான் பயந்தது இதற்குத்தான். இதைச் சொல்லத்தான் நான் இத்தனை ஊர் அலைந்தேனா என்று ஒரு கணம் தோன்றிவிட்டது. வாயைத் திறப்பதற்குள் அம்மா சொன்னாள்: "அது என் கத்தி. அரிவாள்மனை அலமாரிக்கு அடியில இருக்கு, எடுத்துக்கங்க." அப்பா அன்றைக்கு வெங்காயம் போடாமல் உப்புமா கிண்டினார். அடுத்த வாரம் அரிவாள்மனையில் உட்கார்ந்தார். அவருடைய முழங்கால் நன்றாகத்தான் மடங்குகிறது.

கத்தி எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை. பூசணியும் கருணைக்கிழங்கும் அதில் நடக்காது. மூட்டு வீங்கும் நாட்களில் அம்மா அதைத் தொடுவதில்லை. ஒருநாள் ஈரத்தோடு வைத்துவிட்டால் மறுநாள் துரு பூத்துவிடும். அதனால் யாரையும் கழுவ விடுவதில்லை. தானே கழுவி, துடைத்து, தேங்காயெண்ணெய் தடவி, பழைய வேட்டித் துணியில் சுற்றித் தன் அலமாரியில் வைக்கிறாள். சில நாள் வெட்டுகிறாள், சில நாள் வெட்டுவதில்லை. எந்த நாள் எது என்பதை அவள்தான் முடிவுசெய்கிறாள். அம்மாவை அடுப்படியிலிருந்து வெளியே கொண்டுவருவது பற்றி நான் எத்தனையோ பேசியிருக்கிறேன். உள்ளே போகவா வெளியே வரவா என்பதை அவள் முடிவுசெய்ய அவளுக்கு ஒரு கை வேண்டும் என்பதை மட்டும் யோசித்ததில்லை.

ஐப்பசியில் சாணை பிடிக்கப் போனோம். அக்கா சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தார். இடையில் நிறுத்திவிட்டு, ஒன்றும் சொல்லாமல் சம்மட்டியை அம்மாவிடம் நீட்டினார். காம்பை நான்கு விரற்கடை குறைத்துப் புதிதாக இழைத்துப் போட்டிருந்தார்.